நொண்டிப் பேய்க்குப் பொன்னாடை

ஞாயிறு, இரவு.

அப்பாவுக்கு இன்று ஆர்.எஸ்.புரத்தில் நினைவுக் கூட்டம். மாதம் ஒரு பேய் நாவல் எழுதி ஊரையே நடுங்கவைத்தவராம். ஒரு நடிகன் காலை இழுத்து இழுத்து மேடையில் நடந்தான். அப்பாவின் புகழ்பெற்ற நொண்டிப் பேய். அரங்கமே கைதட்டியது.

அந்த நடை அம்மாவுடையது. ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து, ஆயுள் முழுக்க விற்றார் அந்த மனிதர்.

"ஏனுங்கம்மா, பொன்னாடை போத்தணும், மேடைக்கு வாங்க" என்று பதிப்பாளர் மைக்கில் அழைத்தார்.

அம்மா என் கையைப் பற்றினாள். "இப்ப நான் நடந்தா கண்டுபிடிச்சுருவாங்க கண்ணு. நீயே போய் வாங்கிட்டு வந்துரு."

"அந்தப் பேய்க்கே போத்துங்க!" என்று கத்தினேன். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். நடிகன் காலை இழுத்துக்கொண்டே வந்து பொன்னாடையை வாங்கிக்கொண்டான். மறுபடியும் கைதட்டல்.

யாரும் தன்னைக் கவனித்துவிடக் கூடாதென்று அம்மாவும் தட்டினாள்.