ஆயில் ஏறாத இன்ஜின்

அன்புள்ள பெரியவளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் தம்பியும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நம் வீட்டுச் சமையலறையில் முனகினாலே ஒர்க்‌ஷாப் வரைக்கும் கேட்கும், இது அவன் காதில் விழவே கூடாது. முழுக்கப் படி, பாதியில் பதறிப்போய் எனக்குப் போன் போடாதே.

உன் தம்பியின் கடற்கரை மீட்புக் குழுவுக்கு ஒரு வாட்டர் ஸ்கூட்டர் இன்ஜினைப் பிரித்துக் கட்டுகிறேன் என்று சொன்னேன் இல்லையா, அதைக் கட்டி முடித்து ஸ்டார்ட் செய்ததுமே ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தது, பஸ்ஸரும் விடாமல் கத்தியது. சென்சார்தான் பொய் சொல்கிறது என்று புதிதாக மாற்றினேன், அப்போதும் எரிந்தது. தனி மீட்டரை மாட்டிப் பார்த்தால் பிரஷர் நிஜமாகவே குறைவு, இன்ஜின் சூடாகச் சூடாக முள் படுத்துவிட்டது. ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றி, பிரஷர் வால்வையும் கழற்றிப் பார்த்தேன், ஒரு கோளாறும் இல்லை. பேரிங்கில் நான்தான் இடைவெளி அதிகம் விட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. அதைப் பார்க்க இன்ஜினை வெளியே தூக்க வேண்டும், அதற்கு ஆள் சொல்லியிருந்தேன். உன் தம்பியோ "ஓட ஓடத் தானா செட் ஆயிடும்மா, நீ ஏன் சும்மா பயந்து சாகறே" என்று நச்சரித்தான். வண்டியைத் தொட்டால் கையை முறிப்பேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குளிக்க வந்த ஒரு பெண்ணை அலை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. குழுவின் இன்னொரு வண்டி வேறு பக்கம் போயிருந்ததாம். நான் கடைக்குப் போன நேரம், உன் தம்பி ஓடி வந்து பஸ்ஸர் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஸ்கூட்டரைத் தண்ணீரில் இறக்கிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியுமா, சொல், கண்ணெதிரே ஒருத்தி கையை ஆட்டும்போது எவன் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பான்? பாதி வழியில் இன்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டது. மீதியை நீந்திப் போயிருக்கிறான், போய்ச் சேர்வதற்குள் அவள் மூழ்கிவிட்டாள். தோளில் போட்டுக்கொண்டு கரையேறினானாம். அவள் புருஷன் அவளுடைய செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றானாம், பாவம், அழக்கூட இல்லையாம்.

அன்றிலிருந்து உன் தம்பி என் முகத்தைப் பார்ப்பதில்லை, சாப்பாடு வைத்தால் தட்டைத் தள்ளுகிறான். "நீ ஒழுங்கா கட்டியிருந்தா அவங்க இப்ப வீட்ல இருந்திருப்பாங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, எங்கேயாவது போய்த் தொலைந்துவிடலாமா என்றிருந்தது. அவன் இல்லாத நேரத்தில் ஆள் வைத்து இன்ஜினை வெளியே தூக்கி, தனியாக உட்கார்ந்து பிரித்தேன். பேரிங் எல்லாம் கருகிப் போயிருந்தன, ஆனால் காரணம் அது இல்லை. பம்ப் ஆயில் உறிஞ்சும் துளைக்குள் ஒரு துணி உருண்டை இருந்தது. நம் ஒர்க்‌ஷாப்பில் காற்று மணலை அள்ளிக் கொட்டும் என்று திறந்த துளைகளில் எல்லாம் துணியை அடைத்துவைத்து, கட்டும்போது எடுப்பேனே, உனக்குத் தெரியும். நான் அடைப்பது பழைய வெள்ளை விரிப்பில் கிழித்த துணி. இது கருநீலம், அவனுடைய குழுப் பனியனில் கிழித்தது. இன்ஜின் பிரித்துக் கிடந்தபோது நான் சாப்பிட உள்ளே போன சமயம், மணல் விழுந்துவிடக் கூடாதே என்று பிள்ளை அக்கறையாக அடைத்திருக்கிறான், சொல்ல மறந்துவிட்டான். வெள்ளையையே தேடிப் பழகிய என் கண்ணுக்கு அந்த இருட்டுத் துளையில் கருநீலம் படவில்லை.

துணியை எரித்துவிட்டேன். பேரிங்கில் என் தப்புதான் என்று அவனிடமும் குழுத் தலைவரிடமும் சொல்லிவிட்டேன். இனி யாரும் என்னிடம் இன்ஜினைக் கொண்டுவர மாட்டார்கள், போகட்டும். என்னை வெறுத்துக்கொண்டே அவனால் எழுந்து நடமாட முடியும், தன்னையே வெறுக்க ஆரம்பித்தால் என் பிள்ளை தாங்க மாட்டான்.

உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்றால், அவன் உனக்குப் போன் செய்து என்னைப் பற்றிக் கொட்டுவான். நீ என் பக்கம் பேசுவாய், அம்மா கையில் பேரிங் தப்பாது, வேறு ஏதோ இருக்கும், நல்லா யோசிடா என்பாய். அவன் யோசித்துவிடுவான். அவன் யோசிக்கவே கூடாது, கண்ணு.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. படித்ததும் கிழித்துப் போடு, மாப்பிள்ளையிடமும் மூச்சு விடாதே. அவன் போன் செய்தால் அம்மாவுக்கு வயசாயிடுச்சு, இனி அவளை நம்பாதே என்று சொல்லு. நன்றாகத் திட்டு, நீ திட்டினால்தான் அவன் நம்புவான்.

இப்படிக்கு,
உன் அம்மா