சிஸ்டருக்குப் பூசிய பவுடர்

உத்திரமேரூர்
8.2.1999

அன்புள்ள கண்ணகிக்கு,

நானும் அப்பாவும் சுகம். மஸ்கட்டில் நேரத்துக்குச் சாப்பிடுவதாக எழுதியிருந்தாய், அதில் பாதியை நம்புகிறேன். ஏரியில் தண்ணீர் இருக்கிறது, அப்பா நெல் விலையைத் திட்டிக்கொண்டு தெம்பாக இருக்கிறார். நீ அனுப்பிய பவுடர் டப்பாக்கள் வந்தன, அவற்றின் கதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு அந்தப் பழைய பாட்டு நாடகத்தையே மறுபடி எடுத்தார்கள். நீ பத்தாவது படிக்கும்போது தலைமை சிஸ்டராக வந்தாயே, அதேதான். கன்னியர் மடத்தில் சிவப்பான சிஸ்டர்கள் வரிசையாக நின்று பாடுவார்கள், கறுத்த சமையல்காரி அன்னம்மா கொச்சையாகப் பேசிப் பாயசத்தில் வழுக்கி விழுவாள், சபை சிரிக்கும். எத்தனையோ வருஷமாக அவள் அதே இடத்தில்தான் விழுகிறாள். நாடகம் பழக்கும் ஜெயம்மாள் டீச்சர் இந்தத் தடவை அன்னம்மாவாக ஷீபாவைப் பிடித்தார். காலனிப் பெண், மாதா கோயில் பாடகர் குழுவில் அவளை மிஞ்சிய குரல் இல்லை. தலைமை சிஸ்டர் பாட்டை மேடையில் பாடிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே ஏக்கம், பள்ளியில் அவளுக்கு இது கடைசி வருஷம். அந்த வேடமோ டாக்டர் பெண் பிரியங்காவுக்குப் போனது. அவளுக்கு நிறம் உண்டு, குரல்தான் இல்லை.

ஷீபாவின் அம்மா சிட்டம்மாள் நடவிலிருந்து சேற்றுக் காலோடு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா டீச்சர், கோயில்ல எம் பொண்ணு பாட்னா நல்லாகீது, இங்க மட்டும் கரண்டி புடிக்கணுமா? வூட்ல நான் புடிச்சிக்கினு கீறது போதாதா?" என்றாள். ஜெயம்மாளிடம் சொல்லிப் பார்த்தேன். "நான் என்ன ஜாதியா பார்க்கிறேன்? ஷீபா சிஸ்டரா வந்தா யார் நம்புவாங்க, நீங்களே சொல்லுங்க" என்றார். எனக்கு வாதாட வராது. ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரிடம் போய், ஒத்திகையை ஒருமுறை பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். நீ போன பிறகு வந்தவர். தென்னேரிப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர், ஷீபாவைவிட ஒரு பிடி கறுப்பு, கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். தினமும் அவர் எதிரே கைகட்டி நிற்கும் ஜெயம்மாள் கண்ணில் இது ஒருநாளும் பட்டதில்லை.

சிஸ்டர் வந்த அன்று, நாடகத்துக்கு நான் கொடுத்த உன் பவுடரில் ஒரு டப்பா முழுவதும் பிரியங்காவின் முகத்தில் இருந்தது. யார் இது என்று கேட்டார். ஜெயம்மாள் பெருமையாக, "நீங்கதான் சிஸ்டர்" என்றார். "நானா? இம்மாம் பவுடர அப்பிக்கினு நான் எங்க போறேன்?" என்றாரே பார்க்கலாம்! ஜெயம்மாள் துண்டை நனைத்துப் பிரியங்காவின் முகத்தைத் துடைத்தார். வேடம் ஷீபாவுக்கு வந்தது. சிரிப்பெல்லாம் அன்னம்மாவுக்குத்தானே கிடைக்கிறது என்று பிரியங்கா கரண்டியைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள், அவளுக்குப் பேச்சு பழக்கியது சிட்டம்மாள்.

விழா அன்று, நாடகப்படி தலைமை சிஸ்டர் சபைக்குப் பின்னாலிருந்து நடந்து மேடை ஏற வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் ஷீபா சிஸ்டர் அங்கியில், பவுடர் இல்லாமல் வந்தாள். காலனிப் பெண்கள் சட்டென்று எழுந்து "தோத்திரம் சிஸ்டர்" என்றார்கள். மடத்தில் பெரியவர் வந்தால் எழுந்து நிற்பது வழக்கம் இல்லையா, அந்தக் குரல் கேட்டதும் முன் வரிசையில் இருந்த நிஜ சிஸ்டரும் திரும்பிப் பாராமல் எழுந்துவிட்டார். மேடை ஓரத்தில் ஜெயம்மாள், "உஷ், சிஸ்டர் வராங்க" என்று பிள்ளைகளை அடக்கிவிட்டுத் தானும் கைகட்டி நின்றார். ஷீபா திகைத்துப்போனாள், வசனம் எடுத்துக் கொடுக்க நான் வாயைத் திறப்பதற்குள், "உக்காருங்க சிஸ்டர், பாட்டு பெருசு, கால் நோவும்" என்று தானாகவே சொல்லிவிட்டுப் பாடினாள். சிஸ்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊர் மாறிவிட்டது என்று நான் எழுதவில்லை. அன்னம்மா இந்த வருஷமும் விழத்தான் செய்தாள், எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது சிட்டம்மாள். இப்போது ஷீபா பள்ளி விட்டு வீட்டுக்குள் நுழைந்தால், அம்மாக்காரி எழுந்து நின்று, "தோத்திரம் சிஸ்டர், தண்ணி எட்த்தாந்தியா?" என்கிறாளாம்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் அலையாதே. இனிமேல் பவுடர் அனுப்ப வேண்டாம், அப்பாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பு. நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா