தேவாலா பீலித் தண்ணீர்

ஜூலை 9, செவ்வாய். தேவாலா

விடியும்போதே மழை. குடை வீண். காலுறைக்குள் அட்டைகள். உப்பு கொண்டுவர மறந்தாயிற்று.

கிழக்குச் சரிவில் வெள்ளைக்காரர் காலத்துத் தங்கச் சுரங்கம். உள்ளே முழங்காலளவு தண்ணீர், போக முடியவில்லை. வாசலில் கிடந்த குவியலிலிருந்து ஆய்வேட்டுக்கு வெள்ளைக்கல் பொறுக்கினேன். தங்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தது, கல்லுக்குள் வெள்ளி போல் மின்னும் கோடுகள். சுத்தியலால் தட்டினால் பூண்டு வாசம். ஆர்சனிக் உள்ள கல் அப்படித்தான் மணக்கும். வகுப்பில் நானே சொல்லிக் கொடுப்பது.

சுரங்க வாயிலிருந்து ஓர் இரும்புக் குழாய் இறங்குகிறது. கீழே, சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு அரசாங்கம் தேயிலைத் தோட்டத்தில் கட்டிய புது லயம், ஒட்டிய வரிசை வீடுகள். குழாய் முனைக்கு அவர்கள் வைத்த பெயர் பீலி. அங்கே குடம் பிடித்துக்கொண்டிருந்தவள் பாக்கியம். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளாம். பிறந்த இடத்தில்கூட இவ்வளவு குளிர்ந்த தண்ணீர் இல்லை என்றாள், பெருமையாக. ஒரு வாய் குடிக்கச் சொன்னாள். குடிக்கவில்லை, புட்டியில் பிடித்துக்கொண்டேன்.

குடத்தைத் தூக்கிவிடும்போது அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். கொழுந்து பறித்துக் காய்த்த கை எப்படி இருக்கும் என்று தெரியும். இது வேறு. உளுந்து உளுந்தாகக் கெட்டிப்பட்ட முடிச்சுகள். கழுத்துக்குக் கீழே கேழ்வரகு சிந்தியது போலக் கரும்புள்ளிகள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களுக்கும் அப்படியே.

ஜூலை 11, வியாழன். காந்தல்

ஊட்டியில் வெயில், நம்ப முடியாத நீலம். துணி காயப்போட்டது. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

காந்தல் வாடகை அறைக்குப் பின்னால் திறந்த இடத்தில் சோதனை. துத்தநாகம், அமிலம், புட்டி வாயில் மருந்து தடவிய காகிதம். ஆர்சனிக் இல்லையென்றால் காகிதம் வெள்ளையாகவே நிற்கும். காந்தல் குழாய்த் தண்ணீர்: வெள்ளை. பீலித் தண்ணீர்: முதலில் மஞ்சள், பிறகு நல்ல பழுப்பு. மறுபடி செய்தேன். மறுபடியும் பழுப்பு.

வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "ஏனுங்க டீச்சர், ஊட்டுக்குள்ள என்னமோ நாத்தமடிக்குதுங்களே." மன்னிப்புக் கேட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியருக்கு டிரங்க் கால். தபால் ஆபீசில் அரை நாள் காத்திருப்பு. பே. முழுக்கக் கேட்டார். யாரிடமும் பேச வேண்டாம், அடுத்த வாரம் தானே ஊட்டி வருவதாகச் சொன்னார். குரலில் ஆச்சரியமே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

யாரிடமும் பேசாமல் இருந்தால் அவர்கள் குடித்துக்கொண்டே இருப்பார்கள்.

ஜூலை 15, திங்கள். தேவாலா

கூடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பொறுக்க முடியாமல் நேரே தோட்ட அதிகாரியிடம் போனேன். மரியாதையானவர், டீ கொடுத்தார். டிஸ்பென்சரி டாக்டரைக் கூப்பிட்டனுப்பினார். டாக்டருக்குச் சந்தேகமே கிடையாது.

"அது சிலோன் சீக்கும்மா. கப்பல்லயே கொண்டாந்துட்டாங்க. சுத்தம் கெடையாது, அவ்வளவுதான்."

சுத்தம் இல்லையாம். அந்த லயத்து வாசலைப் போய்ப் பார்க்கட்டும், சாணம் தெளித்துக் கோலம் போட்டு.

சண்டை போடாமல் வெளியே வந்தேன். பாக்கியத்தைத் தேடிப் போய், உங்களோடு வந்தவர்கள் வேறு எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் கொழுந்தனார் குடும்பம் ஓடைக்கரை லயத்தில் இருக்கிறதாம். அதே தோட்டத்து ஆட்கள், அதே கப்பல், அதே மண்டபம் முகாம், அதே ரயில். ஆனால் ஓடைத் தண்ணீர். இறங்கிப் போய் ஒவ்வொருவர் கையாகப் பார்த்தேன். கொழுந்துக் கறை மட்டும். முடிச்சு இல்லை, புள்ளி இல்லை.

கப்பலில் வந்த சீக்கு ஓடைக்கரையை மட்டும் விட்டுவிட்டதா? டாக்டர் இதைக் கேட்டிருக்கலாமே. அரை மைல் நடை.

திரும்பும் வழியில் இன்னொன்றும் கண்டேன். அதிகாரி பங்களாவுக்குத் தனிக் குழாய், மேல் ஓடையிலிருந்து. அந்தத் தண்ணீரும் ஒரு புட்டி, ஓடைக்கரைத் தண்ணீரும் ஒரு புட்டி.

ஜூலை 17, புதன். ஊட்டி

பங்களாத் தண்ணீர், ஓடைத் தண்ணீர், இரண்டும்: வெள்ளைக் காகிதம். எதிர்பார்த்ததுதான்.

பே. வந்தார். விருந்தினர் விடுதி, கண்ணாடி ஜன்னல், கணப்பு. காகிதங்களை மேஜையில் வரிசையாக வைத்தேன். அவர் தொடவில்லை. சுரங்கத்தை மறுபடி திறக்கலாமா என்று பார்க்கும் குழுவில் அவர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

"சரோஜா, உன் ஆராய்ச்சி தங்கத்தைப் பத்தி. தண்ணியைப் பத்தி இல்ல."

கல்லில் இருப்பதுதான் சார் தண்ணீரில் வருகிறது என்றேன். ஆய்வேடு முடியட்டும், வேலை நிரந்தரமாகட்டும், பிறகு மெதுவாக ஒரு கட்டுரை எழுதலாம் என்றார். எழுதினால் கையெழுத்துப் போட மாட்டீர்களா என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, போட மாட்டேன் என்றார்.

மெதுவாகவாம். யார் வயிற்றில் மெதுவாக?

காந்தல் வரை நடந்தே வந்தேன். இந்த மனிதரிடம்தான் கல்லைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அழுகை வரவில்லை, கோபம்தான். செருப்பு அறுந்தது.

ஜூலை 19, வெள்ளி. தேவாலா

பீலியருகே பெண்களைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். ஆர்சனிக் என்றால் யாருக்குத் தெரியும்? பாஷாணம் என்றேன். புரிந்தது. ஒருத்தி இடுப்புக் குடத்தை அப்படியே சாய்த்துவிட்டாள். கிழவர் ஒருவர் நம்பவில்லை, இவ்வளவு தெளிந்த தண்ணீரா என்று திட்டிவிட்டுப் போனார்.

பாக்கியம் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு:

"சிலோன்ல எங்களைக் கள்ளத்தோணின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரங்கன்னாங்க. அதெல்லாம் வாயால சொன்னதுதானே டீச்சர். இது வயித்துக்குள்ளயே போயிருச்சே."

பங்களாவில் எந்தத் தண்ணீர் என்று கேட்டாள். மறைக்கவில்லை, சொன்னேன்.

ஜூலை 20, சனி

மழை விடவில்லை. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு அந்த லயத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. எல்லோரும் பங்களா வாசலில், தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு, காலிக் குடத்தோடு. கோஷம் இல்லை, ஒன்றும் இல்லை. சும்மா நின்றார்கள். ஓடைக்கரை லயத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டு, படித்த பெண் இப்படித் தூண்டிவிடலாமா என்றார். காகிதங்களைக் காட்டினேன். பங்களாக் காகிதத்தையும். அதைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

ஜூலை 22, திங்கள்

கொழுந்து முற்றுகிறது, தோட்ட நிர்வாகத்தார் இறங்கி வந்துவிட்டார்கள். மேல் ஓடையிலிருந்து லயத்துக்குக் குழாய். அறிவிப்பில் 'தற்காலிகமாக', 'மனிதாபிமானத்தோடு'. ஆர்சனிக் என்ற சொல் எங்கேயும் இல்லை. பீலியில் மரக்கட்டை அடித்து மூடியாயிற்று.

கல்லூரியிலிருந்து தந்தி: உடனே திரும்பவும். பே. இனி என் வழிகாட்டி இல்லை என்றும் அதிலேயே. வேறு ஒருவரைத் தேட வேண்டும். கிடைப்பாரா? கிடைக்காவிட்டாலும் எழுதுவேன். பங்களா, பீலி, ஓடை, மூன்றையும்.

ஜூலை 25, வியாழன். தேவாலா

நாளை கிளம்ப வேண்டும். பெட்டி கட்டவில்லை. பாக்கியத்தை டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனேன். கை பழையபடி ஆகுமா என்று வழியில் கேட்டாள். புள்ளி மங்கலாம், முடிச்சைப் பற்றித் தெரியாது என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள்.

நீளமான வரிசை. எங்கள் முறை வந்தது. டாக்டர் நிமிராமலே பேர் கேட்டார், வயசு கேட்டார். எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு முன்பே 'சிலோ' என்று எழுதத் தொடங்கினார். நான் வாயெடுத்தேன். பாக்கியம் என் கையை அழுத்தினாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மேஜைமேல், அவர் பேனாவுக்கு முன்னால் வைத்தாள்.

"தேவாலா, ஐயா. சீக்குக்கும் இதே ஊருதான்."