ஏர் ஃபில்டரில் தேங்காய் எண்ணெய்

உன் காரின் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்ததும் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. என்ஜின் பக்கத்தில் இது எப்படி என்று குனிந்து பார்த்தேன். எண்ணெய் தோய்ந்த உன் பச்சைத் துப்பட்டாவின் ஒரு துண்டு, ஃபில்டரின் மேல் ஓரம் மடித்து விரிக்கப்பட்டிருந்தது.

ஷார்ஜாவிலிருந்து ஜெபல் அலிக்குப் பதினோரு வருடம் உன் பக்கத்து இருக்கையில் வேலைக்குப் போனவள் நான். நீ இறந்த பிறகு உன் வீட்டுக்காரர் வண்டியை விற்கப்போவதாகச் சொன்னார். நானே வாங்கிக்கொண்டேன். காரணம் யாரிடமும் சொல்லவில்லை.

சில வாரங்களாக வண்டி பாலம் ஏறும்போது திணறியது, சிக்னலில் நின்றுபோனது. முல்கியாவை, அதாவது வண்டிப் பதிவு அட்டையைப் புதுப்பிக்கும் சோதனைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

"என்ஜின் கலாஸ் மேடம், முடிஞ்சுபோச்சு. ஸ்க்ராப்புக்குக் குடுத்துருங்க," என்றார் கராஜ்காரர்.

"எதை வச்சு சொல்றீங்க?"

"இருபது வருஷமா இதானே பாக்குறேன்."

அது பதில் இல்லை. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்க ஒரு ஏர்ஃப்ளோ சென்சார் உண்டு. அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். எச்சரிக்கை விளக்கு எரிந்தது, வண்டி திணறவில்லை. என்ஜின் நன்றாகத்தான் இருந்தது, சென்சார் சொன்ன அளவுதான் தப்பு.

புது சென்சார் வாங்கி மாட்டப் போனபோதுதான் உன் துணியைக் கண்டேன். மணல்காற்று அடித்த ஒரு காலையில் நீ சொன்னாய்: "வண்டிக்கு ஒரு வைத்தியம் வச்சிருக்கேன். உன்ட்ட சொன்னா ப்ரூஃப் கேப்ப, புரொபசரம்மா." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் இருமல் எதனால் என்பதையும் நீ அப்படித்தான் கடைசிவரை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாய்.

பேட்டரி வயரைக் கழற்றி, இரண்டு ஸ்க்ரூவைத் திருகி, பழைய சென்சாரை வெளியே எடுத்தேன். முடியளவு மெல்லிய கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு. அதில் நுண்ணிய தூசி. உன் வைத்தியம்தான் அதைக் கெடுத்திருக்கிறது. ஆனால் துணியை எடுத்துப் பார்த்தால் மேல்பக்கம் மணல் அப்பிக் கிடந்தது. அடியில் ஃபில்டர் புதிதுபோல் வெளுப்பாக இருந்தது. உன் வைத்தியம் பாதி சரி.

வண்டி சோதனையில் தேறிவிட்டது. துணியைத் திரும்பப் போடவில்லை, துவைக்கவும் இல்லை. பழைய சென்சாரை அதில் சுற்றி டேஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறேன். ஏசி போட்டால் லேசாக வாசம் வருகிறது. பாலம் ஏறும்போதெல்லாம் காலியான பக்கத்து இருக்கையிடம் கேட்கத் தோன்றுகிறது: எத்தனை சொட்டு எண்ணெய் விட்ட?