நான் மாற்றாத தேயிலைச் சக்கை

ஐயா,

பேராதனைச் சந்தியில் ரயிலுக்குக் காத்திருந்தேன். தேநீர்க் கடைக்காரர் ஒரு வாளி ஈரச் சக்கையைத் தண்டவாளத்தோரம் கொட்டினார். அந்த வாசனைக்குப் பிறகு உட்கார முடியவில்லை. மேடையில் கோடிக்குக் கோடி நடந்ததில் வண்டியையும் விட்டுவிட்டேன். அடுத்தது வரும்வரை இதை எழுதுகிறேன்.

மடுல்கெல்லத் தோட்டத்தில் நீங்கள் மருந்து கொடுப்பவர்; நான் மருத்துவச்சி. சரிவின் கீழிருந்த பணிய லயத்து வரிசை வீடுகளுக்குக் காரீயத் தகடு அடித்த தண்ணீர்த் தொட்டி வந்த சில மாதங்களில் சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அங்கே குடியிருந்த செல்லம்மாவின் உதட்டை விலக்கி, ஈறோரம் ஓடிய நீலக் கோட்டை எனக்குக் காட்டினீர்கள்.

"மலைத்தண்ணி ஈயத்தைக் கரைக்குது, தங்கச்சி. எங்கடை யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி இப்பிடிச் செய்யாது."

தோட்டத்தை நடத்திய துரை நம்பவில்லை. கோடையில் வேறு ஊற்றும் இல்லை.

"ஈயம் குடிச்சவனுக்குக் கடுந்தேத்தண்ணி குடுக்கச் சொல்லிப் புத்தகத்திலை கிடக்கு. தேயிலை வயித்துக்குள்ளை பிடிக்கிற ஈயத்தை வெளியிலையே பிடிச்சா என்ன?"

தொழிற்சாலைக் கழிவுத் தேயிலையைச் சாயம் போக அவித்து, அலசி, மணலோடு பீப்பாயில் அடைத்து, தொட்டித் தண்ணீரை அதன் வழியே வடியவிட்டோம். ஈயத்தைக் காட்டிக்கொடுக்கும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் மருந்தை விட்டதும் தொட்டித் தண்ணீர் பழுப்பானது. பீப்பாய்த் தண்ணீர் நிறம் மாறவில்லை.

செல்லம்மாவுக்கு அப்போது ஐந்து மாதம். "இனி குடிக்கலாங்களா ஐயா?"

"குடி பிள்ளை. ஆனா சக்கை நிறைஞ்சா பிறகு பிடிக்காது. மூண்டு நாளைக்கு ஒருக்கா மாத்தோணும்." கடைசி வார்த்தைகளை என்னைப் பார்த்துத்தான் சொன்னீர்கள்.

காய்ச்சலோடு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். இரண்டு முறை மாற்றினேன். பிறகு மேட்டு லயத்தில் பிரசவத்துக்கு மேல் பிரசவம். தண்ணீர் பளிங்குபோல இருந்தது, கண்ணை நம்பினேன். நீங்கள் திரும்பியபோது செல்லம்மா பிள்ளையை இழந்திருந்தாள். பீப்பாய்த் தண்ணீரில் மருந்தை விட்டீர்கள். பழுப்பு.

"கடைசியா எப்ப மாத்தினீங்கள்?"

"முந்தாநாளுங்க ஐயா."

நம்பிவிட்டீர்கள். "அப்ப இது சரிவராது. சனத்தை நான்தான் ஏமாத்திப்போட்டன்" என்று பீப்பாயைக் காலால் உதைத்துச் சாய்த்தீர்கள். மறுநாள் தண்ணீர்ப் போத்தல்களோடு, துரையைக் கேட்காமலே, கண்டிக்குப் போய் அரசாங்க டாக்டரைப் பார்த்தீர்கள். அந்த மாதமே தொட்டி போயிற்று. உங்கள் வேலையும் போயிற்று. வழியனுப்ப வந்தவள் வாயைத் திறந்தேன். "பிள்ளைபெறுற சனத்தைக் கவனமாப் பாருங்கோ, உங்களை நம்பித்தான் போறன்" என்றீர்கள். மூடிக்கொண்டேன்.

போன மாதம் நீங்கள் காலமான செய்தி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. உங்கள் வீட்டம்மாவிடம் உண்மையைச் சொல்லத்தான் இந்தப் பயணம். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை பணிய லயத்துக்குப் போனேன். செல்லம்மா பீலியடியில் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பீப்பா நல்லாத்தான் வேலை செஞ்சிச்சு, செல்லம்மா. நாந்தான் சக்கைய மாத்தல. ஐயாகிட்ட பொய் சொன்னேன்."

குடம் நிரம்பி வழிந்தது. அதை எடுக்காமல் கேட்டாள்:

"எத்தன நாளா மாத்தல?"

"பதினாறு நாளு."

பிள்ளை போன நாளைத் தேடுகிறவள்போல விரல்விட்டு எண்ணினாள். எந்த நாளில் போய் நின்றாளோ, அந்த விரலை மடக்கிப் பிடித்தபடியே போய்விட்டாள். குடம் பீலியடியிலேயே இருந்தது. தூக்கிக்கொண்டு பின்னால் போக எனக்குத் தைரியம் வரவில்லை, ஐயா.