சம்பந்தியோடு நேராகப் பேச

மார்ச் 4, செவ்வாய்

மருமகளின் தாய்மொழியைக் கற்கச் சேர்ந்த வகுப்பில் இன்று பந்து விளையாட்டு. பந்தைப் பிடித்தவர் ஒரு காய்கறியின் பெயரை அந்த மொழியில் சொல்லிவிட்டு அடுத்தவருக்கு வீச வேண்டுமாம்; இரண்டு அணிகளில் முதலில் சுற்றை முடிக்கும் அணிக்கு வெற்றி. இந்த வயதில் எனக்குப் பந்து! நான் படித்த கான்வென்டில் வகுப்புக்குள் தும்மினாலே முறைப்பார்கள்.

பந்து வந்தது. எழுந்து நின்றேன். முதுகை நிமிர்த்தி முழு வாக்கியமாகச் சொன்னேன்: "இது ஒரு வெங்காயம்." அதற்குள் எதிர் அணி ஜெயித்துவிட்டது.

"பந்தைக் கையில வெச்சிக்கிட்டு வெங்காயம்னு சாட்சி சொல்றீங்களேம்மா!" என்றார் என் அணியின் டாக்சிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

எழுத்துத் தேர்வில் நான்தான் முதல். தாளைத் தந்த டீச்சர் — என் மகனைவிடச் சின்னவள் — மெல்லச் சொன்னாள்: "எழுத்துல குறையே இல்லம்மா. ஆனா நீங்க மனசுக்குள்ள முழுசா எழுதிப் பாத்துட்டு வாயத் திறக்கறதுக்குள்ள பேச்சு எங்கயோ போயிடுது."

சுருக்கென்றது. உண்மை என்பதால்தானே?

மார்ச் 9, ஞாயிறு

மருமகளின் அம்மாவோடு வீடியோவில் பேச்சு. பேச்சா அது? கன்னம் வலிக்க ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். நடுவில் மகன்தான் மொழிபெயர்ப்பு. அந்தம்மாள் மூச்சுவிடாமல் பேசினாள், கண் கலங்கினாள். இவன், "நல்லா இருக்காங்களாம்" என்கிறான். மீதியை விழுங்கிவிட்டானா?

அடுத்த மாதம் இங்கே வருகிறாள். அவளும் என்னைப் போலக் கணவரை இழந்தவள். அவளிடம் நேராகப் பேசாமல் ஓயமாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி. — இல்லை, பந்துக்குப் பயம்.

மார்ச் 13, வியாழன்

இன்று கடை விளையாட்டு. பாதிப் பேர் மேசை போட்டு விற்க, மீதிப் பேர் வாங்க வேண்டும். டாக்சிக்காரர் தக்காளி வியாபாரி. சிவப்புக் காகித உருண்டைகள்தான் தக்காளி. மனிதர் வேண்டுமென்றே ஒரு கிழிந்த உருண்டையை என் பையில் போட்டார்.

எங்கிருந்துதான் வந்ததோ! "இல்லை! கெட்டது! வேறு! பெரியது! அது!" — எல்லாம் அந்த மொழியில். ஒன்றுகூட முழு வாக்கியமில்லை. "நல்லது, நல்லது" என்று அவர் தலையிலடித்துச் சத்தியம் செய்தார்.

"பொய்! நீங்கள் சாப்பிடுங்கள்!" என்றேன்.

வகுப்பே மேசையைத் தட்டியது. "அய்யோ, நிஜக் கடைக்கு நீங்க வந்தா ஷட்டரை இறக்கிட்டு ஓடிருவேம்மா!" என்று நம் மொழிக்குத் தாவினார். அதற்காக டீச்சர் அவருக்கு ஒரு புள்ளி குறைத்தாள்.

வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. நினைக்கட்டுமே.

மார்ச் 18, செவ்வாய்

இன்று பந்தை நானே கேட்டு வாங்கினேன். உட்கார்ந்தபடியே வீசினேன்!

ஏப்ரல் 5, சனி

சம்பந்தி நேற்று வந்தாள். இன்று மதியம் சமையலறையில் நாங்கள் இருவர் மட்டும். எனக்காக அவள் துண்டு துண்டாகச் சொன்னாள்: அவர் — தோட்டம் — காலை — விழுந்தார். நான் சொன்னேன்: என்னுடையவர் — ஆஸ்பத்திரி — நான் பக்கத்தில். கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

பிறகு, அவர் எப்படிக் குறட்டை விடுவார் என்று அவள் செய்து காட்டினாள். விடுவேனா? என்னுடையவரின் குறட்டையை நானும் எடுத்துவிட்டேன். சத்தம் கேட்டு மகன் ஓடிவந்தான்.

"என்னம்மா ஆச்சு? அவங்க என்ன சொல்றாங்க? நான் சொல்லட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். கதவைச் சாத்திட்டுப் போடா."

அவனிடம் என்ன சொன்னேன் என்று சம்பந்தி கேட்டாள். அவள் மொழியில் சொன்னேன். உடனே அவளும் கதவைக் காட்டினாள்.

சாத்திவிட்டுப் போனான்.