படத்தில் இல்லாத சுவர்

அன்புள்ள மகனுக்கு,

நீ அங்கே நலமாக இருப்பாய், இருக்கவும் வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுத இந்தத் தடவை எனக்கு மனசு வரவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதி, உன் அக்காவிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். கடைசி வரி வரை படி.

அப்பாவுக்கு லேசான தலைசுற்றல்தான், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று அக்கா உன்னிடம் சொன்னது பாதிப் பொய். வந்தது பக்கவாதம். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே சரிந்தார், வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், சீக்கிரமே வந்தும் விட்டது. எங்கே வந்தது தெரியுமா? நம் வீட்டுக்குப் பின்னால், சந்தின் குறுக்கே கட்டிய சுவருக்கு அந்தப் பக்கம். சைரன் காதைப் பிளக்கிறது, வண்டியைக் காணோம். வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி எட்டிப் பார்த்தால், டிரைவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "மேப்புல இது நேரா போற ரோடும்மா, சுவரே காட்டலையே" என்கிறார். அவரைத் திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்த ரோட்டைப் போட்டவன் நீ.

போன வருஷம் நீதானே பெருமையாகச் சொன்னாய், நம் பக்கத்து மேப் வேலை உன் கைக்கே வந்தது, சாட்டிலைட் படத்தைப் பார்த்து நம் தெருவை நானே வரைந்தேன் என்று. அப்பா அதை எதிர்வீட்டு மெக்கானிக் முதல் பால்காரர் வரை காட்டி மாய்ந்துபோனார். பின்பக்கச் சந்துக்குப் பெரிய ரோடு வரைக்கும் கோடு இழுத்திருக்கிறாயே, கிடங்குக்காரர் நடுவில் சுவர் எழுப்பிவிட்டாரே என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "படத்துல சுவர் இல்லையேம்மா, நீ வேற ஏதோ சந்தச் சொல்ற." அந்தச் சுவரில் ஆணி அடித்துக் கொடி கட்டித் தினமும் துணி உலர்த்துகிறவள் நான். எனக்குத் தெரியாது, ஆகாயத்தில் சுற்றுகிற கேமராவுக்குத்தான் தெரியும், அப்படித்தானே? அந்தப் படம் எந்தக் காலத்தில் எடுத்தது என்றாவது பார்த்தாயா? அப்பா எப்போதோ விற்றுவிட்ட வெள்ளைக் கார் அதில் இன்னும் நம் வாசலில் நிற்கிறதாம், உன் அக்கா தேடிப் பார்த்துச் சொன்னாள். அது கண்ணில் பட்டும் உனக்கு உறைக்கவில்லை.

வண்டி பெரிய ரோட்டைச் சுற்றி, சிக்னலில் நின்று, முன்வாசலுக்கு வருவதற்குள் அவருக்குப் பேச்சு போய்விட்டது. மெக்கானிக்கும் அவர் தம்பியும்தான் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப்போய் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர், அந்த வார்த்தையை நான் தினமும் விழுங்கிக்கொண்டிருக்கிறேன். இப்போது பேச்சு துண்டு துண்டாக வருகிறது, வலது கை எழவில்லை. முதலில் முழுசாகச் சொன்னதே, "பையன்கிட்ட சொல்லாதே, நொந்துபோவான்" என்பதுதான். தலையை ஆட்டிவிட்டு வந்து உனக்கு எழுதுகிறேன். நொந்து போ, பரவாயில்லை.

பழி சுமத்திவிட்டு ஓய்ந்துபோக இதை எழுதவில்லை. மூன்றாவது வீட்டு டீச்சருக்கு நிறைமாசம், இந்த வாரம்தான் தேதி. புருஷன் வெளியூர் வேலையில் இருக்கிறான். நேற்று வந்து, நீங்கள் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் நம்பர் எது என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். முன்பக்கம் வரச் சொல்லு என்று படித்துப் படித்துச் சொன்னேன், வலியில் துடிக்கிறவள் வழி சொல்லிக்கொண்டிருப்பாளா? இனிமேல் எந்தத் தெருவுக்குக் கோடு போட்டாலும் அங்கே குடியிருக்கிற ஒருத்தரையாவது கேட்டுவிட்டுப் போடு.

உனக்கு ஒரு குறையும் வராது, என் ஆசீர்வாதம் கோபத்திலும் உண்டு. டிக்கெட் போடுவது பிறகு, அழுவதும் பிறகு. முதலில் மேப்பில் நீ போட்ட அந்தக் கோட்டை அழி. எப்போது பேசினாலும் சாப்பிட்டாயா என்று கேட்கிறவள் சொல்கிறேன், அதை அழித்துவிட்டுச் சாப்பிடு.

உன் அம்மா